கப்பலை நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு: ஒரு நாடகக் குழுவின் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 1918-ஆம் ஆண்டின் ஃப்ளூ பெருந்தொற்றைப் பற்றி எங்கள் குழு மேடையேற்றிய நாடகம் சென்ற வாரத்தோடு நிறைவடைந்தது. ஒன்றரை ஆண்டு உழைப்புக்குப் பிறகு சுவரொட்டியில் எழுதியவர், இயக்கியவர், நடித்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் இருந்தன. எங்களைத் திருத்தியவர்கள், தடுத்தவர்கள், பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எங்கும் அச்சாகவில்லை. அவர்களுள் பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இந்த மடலிலும் பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது அவரவர்க்குத் தெரியும்.

நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1918 அக்டோபர் 30 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து டலூன் என்ற நீராவிக் கப்பல் பசிபிக் தீவுகளுக்குப் புறப்பட்டது. வழியில் ஃபிஜியில் அது தனிமைப்படுத்தப்பட்டது. நவம்பர் 7 அன்று மேற்குச் சமோவாவின் ஆப்பியாவை அடைந்தபோதோ, கப்பலில் நோயாளிகள் இருந்தும், பயணிகள் இறங்க அனுமதிக்கப்பட்டனர். அன்று நியூசிலாந்தின் ஆளுகையில் இருந்த அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 38,000 பேர். அவர்களில் சுமார் 8,500 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல், அந்த நோயில் மாண்டார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், அமெரிக்கச் சமோவாவின் ஆளுநராக இருந்த ஜான் மார்ட்டின் பாயர் என்ற கடற்படை அதிகாரி, கம்பியில்லாத் தந்தியில் வந்த செய்திகளைப் படித்து நோயைப் பற்றி முன்கூட்டியே அறிந்து, வரும் கப்பல்களுக்குத் தனிமைப்படுத்தலை விதித்தார். கரையோர ஊர்மக்களே முறைவைத்துக் கடலைக் காவல் காத்தார்கள். அங்கே அந்தத் தொற்றில் ஒருவர்கூட இறக்கவில்லை. இரு கரைகளிலும் பேசப்பட்டது ஒரே மொழி. இரு கரைகளிலும் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் உறவினர்கள். எங்கள் மேடையின் இடப்பக்கம் ஒரு துறைமுகமும் வலப்பக்கம் மற்றொன்றும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

முதல் நன்றி, துறைமுகச் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவருக்கு. நான் எழுதிய முதல் பிரதியில் புயல் இருந்தது, கூட்டம் அலறி ஓடும் காட்சி இருந்தது, தெருவில் மக்கள் சுருண்டு விழும் காட்சி இருந்தது. பேரழிவு என்றால் பேரோசை என்றே என் மனம் பழகியிருந்தது. அவர் பிரதியை முழுவதும் படித்துவிட்டு, ஒத்திகைக் கூடத்தில் ஒரு மேசையையும் இரண்டு நாற்காலிகளையும் போடச் சொன்னார். கப்பல் தலைவராக நடிப்பவரை எதிரே உட்காரவைத்துப் பதிவேட்டைத் திறந்து, “கடைசியாகத் தொட்ட துறைமுகம் எது? கப்பலில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? எத்தனை நாளாக?” என்று கேட்டு, எழுதி, கையொப்பமிட்டு, ஏட்டை மூடினார். மூன்று நிமிடங்கள்கூட ஆகவில்லை. “உங்கள் பேரழிவு முடிந்துவிட்டது, தம்பி. இனி வருவதெல்லாம் அதன் கணக்கு” என்றார். அந்த மேசைதான் எங்கள் முதல் காட்சியாயிற்று. பின்னணி இசையே இல்லாமல் அதை நடத்தும் துணிவும் அவர் தந்ததே.

அவர் இன்னொன்றும் செய்தார். ஆப்பியாவில் அனுமதி தந்த அதிகாரியை நான் அலட்சியக்காரராக, ஏறக்குறைய ஒரு கொடியவராக எழுதியிருந்தேன். ஆக்லாந்தில் நோய் எவ்வளவு கடுமையாகப் பரவியிருந்தது என்பதே அந்த அதிகாரிக்குத் தெரியாது என்பதைப் பெரியவர் சுட்டிக்காட்டி, “தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவிக்காதபோது மேசையில் இருப்பவன் என்ன செய்வான்? அந்தக் கேள்வியை மேடையில் வையுங்கள், அவனைத் திட்டுவதை விடுங்கள்” என்றார். மூன்று பக்க வசனத்தை அன்றே வெட்டினேன். வெட்டிய பிறகுதான் அந்தக் காட்சிக்கு உயிர் வந்தது. கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது நோய்ச் சோதனைக்காக ஏற்றும் மஞ்சள் கொடியைத் தைத்துத் தந்த ஆடைப் பொறுப்பாளருக்கும் இங்கேயே நன்றி சொல்ல வேண்டும். எங்கள் நீல விளக்கொளியில் முதல் கொடி வெளிறிப்போய்ச் சரணடையும் வெள்ளைக் கொடியைப் போலத் தெரிந்தது. அவர் மூன்று துணிகளை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்து, கண்ணுக்கு உறுத்தலாக இருந்த ஆழ்ந்த மஞ்சளைத் தேர்ந்து இரவோடிரவாகத் தைத்தார்.

அடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் செவிலியர் அம்மா. என் வாழ்நாளில் எந்த நாடகப் பயிற்சியிலும் கிடைக்காத பாடம் அவரிடம் கிடைத்தது. எங்கள் நடிகர்கள் நோயாளி என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உரக்க இருமினார்கள். இரவுப் பணி முடித்து நேரே ஒத்திகைக்கு வந்திருந்த அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு சத்தமாக இருமுகிறவருக்கு இன்னும் மூச்சு மிச்சம் இருக்கிறது” என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தார். இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்தார். மூக்குத் துளைகள் விரிந்தன. கழுத்தின் இருபுறத் தசைகளும் ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு போல் எழுந்து அடங்கின. கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்தது. “தண்ணீர் கொடுங்கள் என்று கேட்க முடியாது. ‘தண்ணீர்’ என்பதோடு நின்றுவிடும். அடுத்த சொல்லுக்கு இன்னொரு மூச்சு வேண்டும். கேட்பதா, மூச்சு விடுவதா என்று உடம்பு முடிவு செய்யும், அது மூச்சைத்தான் தேர்ந்தெடுக்கும்” என்றார். கூடத்தில் இருந்த நாங்கள் பன்னிரண்டு பேரும் அசையாமல் நின்றோம். இரண்டாம் அங்கத்தில் வசனங்கள் ஒற்றைச் சொற்களாகக் குறைந்து, கடைசியில் வெறும் மூச்சொலியாக முடிவதைப் பாராட்டிப் பலர் எழுதியிருந்தீர்கள். அந்தப் பாராட்டு முழுவதும் அவருக்குரியது. பெருந்தொற்றுக் காலத்தில் எத்தனை பேரின் கடைசிச் சொல்லை அவர் கேட்டிருப்பார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிரதியை மருத்துவ நோக்கில் சரிபார்த்த நுண்ணுயிரியல் பேராசிரியருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. நான் 1918-இன் மருத்துவர் வாயில் “வைரஸ்” என்று எழுதி வைத்திருந்தேன். மனிதரின் ஃப்ளூ வைரஸ் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1933-இல்தான் என்பதையும், 1918-இல் பெரும்பாலான மருத்துவர்கள் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1892-இல் விவரித்த ஒரு பாக்டீரியாவையே நோய்க்குக் காரணமாகக் கருதினார்கள் என்பதையும் அவர் விளக்கினார். அதாவது, எங்கள் நாடகத்து மருத்துவர் தப்பான பகைவனைத் தேடிக்கொண்டிருந்தவர். அதை அறிந்தபின் அந்தப் பாத்திரத்தின் சோர்வே வேறாகிவிட்டது. இறந்தவர்களில் மிகப் பலரை வைரஸ் நுரையீரலைச் சிதைத்த பின் தொடர்ந்து வந்த பாக்டீரிய நிமோனியா கொன்றது என்பதும், அதற்கு எதிராக மருத்துவர் கையில் அன்று ஆன்டிபயாட்டிக் எதுவும் இல்லை என்பதும் அவர் சொன்னவையே. வழக்கமான ஃப்ளூவைப் போலக் குழந்தைகளையும் முதியோரையும் மட்டும் பறிக்காமல், இருபது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களையும் அது பெருமளவில் கொன்றது என்று அவர் சொன்னபோது, தாயாக நடிக்க ஐம்பது வயது நடிகையைத் தேர்ந்திருந்த நான் அந்தப் பாத்திரத்தை இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு மாற்றினேன். மாற்றத்தை மனமுவந்து ஏற்று, தாமே பாட்டி பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட அந்த மூத்த நடிகைக்கும் என் வணக்கம்.

ஆக்சிஜன் குறைந்து நோயாளிகளின் முகம் நீலம் பாய்ந்ததைப் பற்றி அக்கால மருத்துவக் குறிப்புகள் நிறையப் பேசுகின்றன. அதைப் படித்துவிட்டு முகம் முழுக்க நீலம் பூசச் சொன்ன என்னை ஒப்பனைக் கலைஞர் தடுத்தார். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய குறிப்பு அது என்றும், பழுப்புத் தோலில் அது நீலமாகத் தெரியாமல் சாம்பல் படர்ந்தாற்போலத் தெரியும் என்றும், உதட்டின் உட்புறத்திலும் நகக்கண்களிலும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றும் செவிலியர் அம்மாவிடம் கேட்டறிந்து வந்து சொன்னார். நகங்களுக்கு மட்டும் சாம்பல் நீலம் தீட்டினார். மூன்றாம் வரிசைக்கு அப்பால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தன் நகத்தைத் தானே பார்த்த நடிகையின் முகம் மாறியதைக் கடைசி வரிசையும் பார்த்தது.

சமோவாவைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், எங்களை முன்பின் அறியாதவர், ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பிய பிரதியைப் படித்துக் காணொளி அழைப்பில் நான்கு மாலைகளை எங்களுக்காகச் செலவிட்டார். இந்தக் கதையை நாங்கள் எடுத்தாளலாமா என்ற தயக்கத்தோடுதான் அவரை அணுகினோம். அவர் முதலில் திருத்தியது அமெரிக்கச் சமோவாவின் துறைமுக ஊரின் பெயரை. நாங்கள் “பாகோ பாகோ” என்று எழுதியிருந்தோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படி வாசிக்கிறோமே தவிர, சமோவ மொழியில் அது “பாங்கோ பாங்கோ” என்றார். அந்த ஒலிக்குரிய எழுத்து தமிழில் இருக்கும்போது நாங்கள் அதைத் தவறவிட்டது எனக்கு வருத்தமாகவே இருந்தது. பிறகு அரங்க அமைப்பைப் பார்த்து, “வீட்டுக்குச் சுவர் எதற்கு?” என்று கேட்டார். மரபான சமோவ வீட்டுக்குச் சுவர் இல்லை. வட்டமாகத் தூண்கள், மேலே கூரை, மழைக்கும் வெயிலுக்கும் இறக்கிவிடும் ஓலைத் தட்டிகள், அவ்வளவே. சுவர்களை நீக்கினோம். அதன்பின் பக்கத்து வீட்டில் யார் எழுந்தார், யார் எழவில்லை என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்தது. தட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கும் காட்சியை அமைத்தவர் எங்கள் காட்சியமைப்பாளர்தான் என்றாலும், அதற்கு வழி திறந்தவர் அந்த ஆசிரியை.

உதவி செய்ய முன்வந்த அமெரிக்கச் சமோவாவின் தந்திக்கு ஆப்பியாவில் நிர்வாகியாக இருந்த ராபர்ட் லோகன் இசைந்து பதில் தராததை எவ்வளவு அழுத்தமாகக் காட்டுவது என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. தந்தியை அவர் மடித்து இழுப்பறையில் வைப்பது எங்கள் கற்பனை. அதை வரலாறு என்று யாரும் கொள்ள வேண்டாம். 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவ மக்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டதை நாடகத்தின் முடிவில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கும் ஆசிரியைதான் விடை சொன்னார்: “ஆண்டை மட்டும் காட்டுங்கள். இடையில் எத்தனை ஆண்டு என்று பார்ப்பவர்களே கழித்துக்கொள்வார்கள்.” அப்படியே செய்தோம்.

அரங்குக் கட்டணத்தில் சலுகை தந்தவர்கள், விளக்குகளை இரவலாகத் தந்த குழுவினர், நுழைவுச்சீட்டுப் பொறுப்பை ஏற்ற மாணவர்கள் ஆகிய அனைவருக்கும் நன்றி. தனித்தனியே கடிதமும் எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் காட்சி நாளைப் பற்றி வெளிப்படையாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று மாலை, திரை உயர இரண்டு மணி நேரம் இருக்கையில், எங்கள் கப்பல் தலைவருக்குக் காய்ச்சல். இன்னொருவருக்குத் தொண்டை வலி. சீட்டுகள் அனைத்தும் விற்றுவிட்டன. மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்துவிடலாம், வெறும் காய்ச்சல்தானே என்று சொன்னவன் நான்தான். எங்கள் மேடை நிர்வாகி, குழுவிலேயே வயதில் இளையவர், ஒப்பனை அறையின் வாசலில் நின்றுகொண்டு, “சார், இன்றைக்கு நாம் எந்தத் துறைமுகம்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் காட்சியை ரத்து செய்தோம். அவர் கேட்காமல் இருந்திருந்தால், ஒன்றரை ஆண்டாக நாங்கள் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்களே மீறியிருப்போம். அந்தப் பெண்ணுக்கு இந்த மடலில் நான் சொல்லும் நன்றி மற்றெல்லா நன்றிகளையும்விடக் கனமானது.

அன்று வாசல் வரை வந்து திரும்பியவர்களுக்கும் நன்றி. காரணத்தைச் சொன்னபோது முணுமுணுக்காமல் கேட்டுக்கொண்டீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றதும், மிகப் பலர் வேண்டாம், மறுபடி நடத்துங்கள் என்றீர்கள். ஒரு முதிய அம்மா வரிசையிலிருந்து விலகி என்னிடம் வந்து, கோவிட் அலையில் தம் கணவர் ஒரு குடும்ப விழாவுக்குப் போய் வந்த பின்புதான் நோயில் விழுந்தார் என்றும், அந்த விழாவை யாராவது இப்படி நிறுத்தியிருக்கலாம் என்றும் சொல்லிவிட்டு, பதினைந்து நாள் கழித்து நடந்த காட்சிக்கு அதே சீட்டோடு வந்து இரண்டாம் வரிசையில் அமர்ந்தார். காட்சி முடிந்ததும் செவிலியர் அம்மாவைத் தேடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை; அரங்கின் விளக்குகளை மட்டும் அவர்கள் கிளம்பும்வரை அணைக்காமல் வைத்திருந்தோம்.

மிக்க நன்றியுடன்,
நாடகக் குழுவின் சார்பில்,
இயக்குநர்