பாட்டின் உச்சியை முதலில் பாடிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் சிங்கப்பூரில் பிறந்தநாள் விருந்து, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடக்கும் குடியிருப்பாளர் கொண்டாட்டம், அலுவலகக் குடும்ப நாள் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் கரோக்கே பெட்டியும் இரண்டு மைக்கும் இருக்கும். பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்பதெல்லாம் அனிமேஷன் படப் பாட்டுகள்தான். அதில் தவறே இல்லை, எனக்கும் அவை உயிர். ஆனால் எந்தப் பாட்டைக் கொடுக்கிறோம் என்பதில் பெரியவர்கள் நாம் கொஞ்சம் கவனம் வைக்க வேண்டும், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இப்படி ஒரு குடும்ப நாளில் என் மகள், அப்போது ஒன்பது வயது, 'ஃப்ரோசன்' படத்தின் 'லெட் இட் கோ'வைப் பாட ஏறினாள். தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான். வீட்டில் நாள் முழுக்க முணுமுணுக்கிறாளே, வரிகள் எல்லாம் மனப்பாடம், இதைவிட எளிது எது என்று நினைத்துவிட்டேன். ஆரம்ப வரிகள் யாருக்குமே கேட்கவில்லை, மைக்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உதடு மட்டும் அசைந்தது. நடுவில் பல்லவி வந்ததும் குரல் கிளம்பியது, கூட்டமும் கை தட்டியது, சரி தப்பித்தாள் என்று நான் மூச்சு விட்டேன். கடைசிப் பகுதி மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்துவிட்டது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மைக்கை ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பல மாதம் வீட்டில்கூட அவள் வாயிலிருந்து பாட்டு வரவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

என் அப்பா தேவாரம் பாடிப் பழகியவர். நடந்ததைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "பாட்டோட உச்சியை முதல்ல பாடிப் பாக்கணும்மா. அடியையும் பாக்கணும். ரெண்டும் தொண்டைக்கு எட்டுச்சுன்னா மிச்சம் தானா வரும்." உச்சி என்றால் பாட்டிலேயே மிக உயர்ந்த சுரம், அடி என்றால் மிகத் தாழ்ந்தது. அப்புறம்தான் நான் அந்தப் பாட்டை உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். கிட்டத்தட்ட இரண்டு ஸ்தாயிக்கு (ஒரு 'ச'விலிருந்து அடுத்த மேல் 'ச' வரை ஒரு ஸ்தாயி) பரந்து கிடக்கிறது. 2013இல் அதைப் பாடிய இடினா மென்செல் நியூயார்க்கின் பிராட்வே இசை நாடக மேடையில் வருடக்கணக்கில் பாடி உரம் ஏறிய குரல்காரர், அவர் குரலை மனதில் வைத்தே போட்ட மெட்டு. ஆரம்பம் ஒரு சின்னப் பிள்ளைக்கு எட்டாத அளவுக்குக் கீழே, முடிவு எட்டாத அளவுக்கு மேலே. சிலர் கீ பொத்தானை அழுத்திச் சுருதியைக் குறைத்தால் போதுமே என்பார்கள். இந்தப் பாட்டுக்கு அது உதவாது, மேல் சுரம் இறங்குவது போலவே கீழ்ச் சுரமும் இறங்கிவிடும், ஆரம்ப வரிகள் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

2025 ஜூனில் 'கேபாப் டீமன் ஹன்டர்ஸ்' படம் வந்த பிறகு பிள்ளைகள் எல்லாரும் அதன் 'கோல்டன்' பாட்டைக் கேட்கிறார்கள். அதன் உச்சி 'லெட் இட் கோ'வின் உச்சியைவிடவும் மேலே. அறையைச் சாத்திக்கொண்டு நண்பர்களோடு கத்திப் பாட அருமையான பாட்டு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நூறு பேர் முன்னால் ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்திப் பாட வைக்க மட்டும் அது வேண்டாம்.

மெதுவாகப் போகிற பாட்டெல்லாம் எளிது என்றும் நினைக்காதீர்கள், நான் அதிலும் ஏமாந்திருக்கிறேன். 1940இல் வந்த 'பினோக்கியோ'வின் 'வென் யூ விஷ் அபான் அ ஸ்டார்' தாலாட்டு மாதிரித்தான் ஒலிக்கும். ஆனால் முதல் சுரத்திலிருந்து இரண்டாவதற்கு முழு ஸ்தாயி ஒன்றைத் தாண்டிக் குதிக்க வேண்டும், வாயைத் திறந்த உடனேயே. 'அலாவுதீன்' படத்தின் பறக்கும் கம்பளப் பாட்டை அண்ணன் தங்கையாகப் பாடக் கொடுப்பார்கள். பையன் ஒரு சுருதியில் தொடங்குவான், பெண் பாட வரும்போது சுருதி மேலே மாறிவிடும். ஒரே மாதிரிக் குரல் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவர் நிச்சயம் திண்டாடுவார்.

அப்படியானால் எதைப் பாடுவது? என் மகளைத் திரும்பப் பாட வைத்தது 'கோகோ' படத்தின் 'ரிமெம்பர் மீ'. 2017இல் வந்த படம், பாட்டுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. படத்திலேயே இது வேறு வேறு விதமாக வருகிறது. மேடையில் ஒரு நட்சத்திரப் பாடகர் ஆர்ப்பாட்டமாகப் பாடுவது ஒன்று, ஒரு தகப்பன் தன் சின்ன மகளுக்குப் பாடுவது ஒன்று, கடைசியில் கதையின் நாயகனான பையன் நினைவு தப்பிய தன் கொள்ளுப்பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கிதாரோடு பாடுவது ஒன்று. இந்தக் கடைசியைத்தான் எடுத்தோம். ஒரு சிறுவன் பாடியது, அதனால் பிள்ளைக் குரலுக்குப் பொருந்துகிறது, வரிகள் சின்னவை, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மூச்சு எடுக்க இடம் இருக்கிறது. என் அப்பா எதிரே உட்கார்ந்திருக்க அவரைப் பார்த்துப் பாடினாள், பாதியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போன தீபாவளிக்கு உறவினர் இருபது பேர் முன்னால் அதே பாட்டை நடுங்காமல் பாடி முடித்தாள்.

இதில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஒரே பாட்டுக்குக் கரோக்கே பெட்டியில் பல ட்ராக் (பின்னணி இசைப் பதிவு) இருக்கும், பட்டியலில் முதலில் வருவதை அழுத்திவிடக் கூடாது. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' தலைப்புப் பாட்டை 1991 படத்துக்குள் பாடுவது தேநீர்க் கெண்டியாக வரும் ஏஞ்சலா லான்ஸ்பரி. அறுபது தாண்டிய நடிகை, பேச்சும் பாட்டுமாக அடக்கமாகப் பாடியிருப்பார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வருவதோ செலின் டியோனும் பீபோ பிரைசனும் பாடியது. முந்தையது என் அம்மாவுக்கே எட்டுகிறது, பிந்தையதை நாங்கள் கேட்பதோடு சரி.

பாட வராது என்று ஒதுங்கும் ஆண்களுக்கு 1995 'டாய் ஸ்டோரி'யில் ராண்டி நியூமன் பாடிய நட்புப் பாட்டைக் கொடுத்துப் பாருங்கள், பேசுகிற குரலிலேயே பாடலாம். 'ஜங்கிள் புக்'கின் கரடிப் பாட்டும் நல்லதுதான், நடுவில் வார்த்தைகள் வேகமாக ஓடும், அதை மட்டும் முதல்நாள் பழகிக்கொள்ள வேண்டும். மழலைகளுக்கு, கரோக்கே பிறந்த ஜப்பானின் 'டோடோரோ' படத்து நடைப்பாட்டு 'சாம்போ' இருக்கிறது, அங்கே பாலர் பள்ளிகளில் பாடுகிற பாட்டு, அணிவகுத்து நடக்கும் தாளம், மொழி தெரியாவிட்டாலும் இரண்டு நாளில் வாயில் ஒட்டிக்கொள்ளும். நான்கைந்து பேர் சேர்ந்தால் 'என்காண்டோ'வின் புரூனோ பாட்டு. ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்தே போட்டிருப்பதால் யாருக்கும் முழுச்சுமை இல்லை, பேச்சு போலப் போகும் பகுதியைக் கூச்சப்படும் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். தமிழில் கேட்பவர்களுக்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 2014 'கோச்சடையான்' இருக்கிறது, அதிலும் உச்சியைப் பாடிப் பார்த்துவிட்டே எடுங்கள்.

விழா நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பாட்டுப் பட்டியலை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே பெற்றோருக்கு அனுப்பிவிடுங்கள். கீ பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள், பிள்ளை மேடை ஏறும் முன் அந்த உச்ச வரியை ஒருமுறை ஓரமாகப் பாடிப் பார்க்க இரண்டு நிமிடம் கொடுங்கள். முன் வரிசையில் சிரிப்பவர்களை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சிங்கப்பூர்