பயோ-மேத்ஸ் படித்துவிட்டு சி.எஸ்.இ. (கணினிப் பொறியியல்) சேர்ந்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பயோ-மேத்ஸில் உனக்குக் கணினிப் பாடம் இல்லை. பக்கத்து சிஸ்டத்தில் உட்கார்ந்திருப்பவள் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் என்று இரண்டு கணினி மொழிகள் படித்துவிட்டு வந்திருக்கிறாள். லேப்பில் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். உனக்கோ ஃபைலை எங்கே சேமித்தோம் என்பதே பிடிபடவில்லை. "எனக்கு இது வராதோ" என்ற பயம் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும்.

அவளிடம் இருப்பது பழக்கம். அதைத் திறமை என்று நினைத்து நீ மிரள வேண்டாம். கலிபோர்னியாவில் ஹார்வி மட் என்றொரு சிறிய கல்லூரி. அங்கே 2006 வாக்கில், முன்பே கோடிங் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் முதலாண்டில் தனித்தனி வகுப்பில் உட்காரவைத்தார்கள். வேறு சில மாற்றங்களும் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே கணினி அறிவியல் எடுக்கும் பெண்களின் பங்கு பத்து சதவீத அளவிலிருந்து நாற்பதை ஒட்டி உயர்ந்தது. உன் கல்லூரியில் அப்படிப் பிரிக்கமாட்டார்கள். ஆனால் பாடத்திட்டம் உன் பக்கம்தான் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (அந்த ஆண்டு வந்த பாடத்திட்டத்தில்) முதல் செமஸ்டர் பைத்தான் தாள் சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கும் பொது. அல்காரிதம் (ஒரு கணக்கைத் தீர்க்கும் படிப்படியான வழி) என்றால் என்ன என்பதிலிருந்துதான் அது தொடங்குகிறது.

ஆங்கிலம் பற்றிய கவலையையும் கொஞ்சம் இறக்கி வை. பைத்தானில் மனதில் நிறுத்த வேண்டிய சிறப்புச் சொற்கள் 35, பழைய சி மொழியில் 32. ஒவ்வொரு வரியையும் தமிழிலேயே உனக்குச் சொல்லிப் பார். பைத்தான் 3-இல் மாறிக்கு (மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டிக்கு) தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும். (பரீட்சையில் வேண்டாம், வீட்டில் பழக மட்டும்.)

இனி முக்கியமான விஷயம். முதலாண்டில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் எழுதத் தெரியாமல் தடுமாறுவதில்லை. எழுதியிருப்பதை வரிவரியாக ஓட்டிப் பார்க்கத் தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள். இதை டிரை ரன் என்பார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டும் புரோகிராமை எடுத்துக்கொள். நோட்டில் இரண்டு பத்தி போடு: 'எண்', 'கூட்டல்'. முதல் வரிசையில் 472, 0. எண்ணைப் பத்தால் வகுத்தால் மீதி 2. கூட்டல் 2 ஆகிறது, எண் 47 ஆகிறது. அடுத்த சுற்றில் மீதி 7. கூட்டல் 9, எண் 4. அடுத்து மீதி 4. கூட்டல் 13, எண் 0. எண் 0 ஆனதும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) நிற்கிறது. விடை 13. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசை, எதையும் மனதுக்குள் தாண்டிவிடாமல் எழுது.

இதே புரோகிராமில் எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு ஒன்று உண்டு. பைத்தானில் முழு எண் வகுத்தலுக்கு இரண்டு சாய்கோடு (//) வேண்டும். ஒற்றைச் சாய்கோடு போட்டால் 472 அடுத்து 47.2 ஆகிறது, பிறகு 4.72, 0.472 என்று தேய்ந்துகொண்டே போகிறது. லூப் மூன்று சுற்றில் நிற்காமல் முந்நூறு சுற்றுக்கு மேல் ஓடி, கடைசியில் 14.444 என்று ஏதோ ஒன்றைக் காட்டும். எர்ரர் எதுவும் வராது, அதுதான் ஆபத்து. டேபிள் போட்டவளுக்கு இரண்டாவது வரிசையிலேயே தப்பு தெரிந்துவிடும். போடாதவள் ஒரு மணி நேரம் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த செமஸ்டரில் சி மொழியில் 'இன்ட்' (முழு எண்) மாறிக்கு ஒற்றைச் சாய்கோடே சரியான விடை தரும் என்பதையும் இப்போதே குறித்து வை. அங்கே இரட்டைச் சாய்கோடு போட்டால் அந்த வரியின் மிச்சம் கமெண்ட், அதாவது கணினி கண்டுகொள்ளாத குறிப்பு, ஆகிவிடும்.

'இன்புட்' வாங்குவது எப்போதும் எழுத்துச் சரமாகத்தான் வரும். 5, 7 கொடுத்துக் கூட்டினால் 57 வருவது அதனால்தான். 'இன்ட்' போட்டு மாற்றிக்கொள். 'ரேஞ்ச்' 1, 10 என்றால் 9-உடன் நின்றுவிடும். சிவப்பில் எர்ரர் கொட்டினால் கடைசி வரியை முதலில் படி, பிறகு மேலே இருக்கும் வரி எண்ணைப் பார். அந்த வரியில் தப்பே தெரியவில்லையா? அதற்கு முந்தைய வரியில் ஒரு அடைப்புக்குறி மூடாமல் இருக்கலாம்.

பைத்தான் தாளின் முதல் யூனிட்டில் நான்கு மாதிரிக் கணக்குகள் இருக்கின்றன. பட்டியலில் மிகச் சிறியதைத் தேடுவது, வரிசையான சீட்டுகளுக்கு நடுவே ஒரு சீட்டைச் செருகுவது, மனதில் நினைத்த எண்ணை ஊகிப்பது, ஹனோய் கோபுரம் (மூன்று கம்பங்களுக்கு நடுவே, பெரிய வட்டைச் சிறியதன் மேல் வைக்காமல், வட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றும் புதிர்). பலர் ஹனோயைப் பார்த்தே சோர்ந்துவிடுகிறார்கள். மூன்று வட்டுக்கு 7 நகர்வு, நான்குக்கு 15. இப்போதைக்கு நாணயங்களை வைத்துக் கையால் செய்து பார், போதும். ரிக்கர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) புரிந்தபின் அது தானாக விளங்கும். மற்ற மூன்றையும் மட்டும் விடாதே. ஊகிக்கும் விளையாட்டில் ஒவ்வொரு முறையும் நடு எண்ணைக் கேட்டால் 1 முதல் 100 வரை எதையும் 7 கேள்விக்குள் பிடித்துவிடலாம். பின்னால் வரும் பைனரி சர்ச் இதுவேதான். சிறியதைத் தேடும்போது தொடக்க மதிப்பாக 0 வைக்காதே. 8, 3, 5 கொடுத்தால் விடை 0 என்று வரும், பட்டியலிலேயே இல்லாத எண். முதல் எண்ணையே தொடக்கமாக வை.

லேப் பரீட்சைக்கு ரெக்கார்டில் இருப்பதை மனப்பாடம் செய்யும் வழக்கம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதே. 'பெரியது' என்பதை 'இரண்டாவது பெரியது' என்று மாற்றிக் கேட்டால் மனப்பாடம் அங்கேயே கைவிட்டுவிடும். ஒவ்வொரு லேப் புரோகிராமையும் முடித்ததும் கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, பார்க்காமல் மறுபடி எழுது. தினம் முக்கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட அது மேல். ஏ.ஐ.-யிடம் எர்ரரின் பொருளைக் கேள், விடையைக் கேட்காதே. பரீட்சை அறையில் அது உன்னோடு வராது.

இரண்டாவது செமஸ்டரின் சி வேறு மாதிரி. பைத்தான் மன்னித்துவிடும் பலவற்றை அது மன்னிக்காது. சிலவற்றைச் சொல்லாமலே விட்டுவிடும். ஐந்து இடமுள்ள அரேயின் (வரிசையாக மதிப்புகள் வைக்கும் பட்டியலின்) இண்டெக்ஸ், அதாவது இட எண், 0 முதல் 4 வரை. 5-இல் எழுதினால் சி தடுக்காது, வேறொரு மாறியின் மதிப்பு கெட்டுப்போகலாம். இன்புட் வாங்கும் 'ஸ்கேன்எஃப்'-இல் & குறியைப் போடாமல் விட்டால் புரோகிராம் பாதியில் விழலாம். சில லேப்களில் இன்னும் டர்போ சி என்ற பழைய கம்பைலரை வைத்திருப்பார்கள். அதில் 'இன்ட்' 32767 வரைதான் தாங்கும், 8 ஃபேக்டோரியல் (1 முதல் 8 வரை பெருக்கியது) கேட்டால் 40320-க்குப் பதில் -25216 காட்டும். ஜிசிசி என்ற கம்பைலரில் 12 ஃபேக்டோரியல் வரை சரியாக வரும், 13-க்கு பெரும்பாலும் 1932053504 என்று காட்டும். மைனஸ் குறிகூட இல்லாததால் சரி என்றே நம்பிவிடுவோம். 'இன்ட்' எவ்வளவு தாங்கும் என்பதை வைவாவில் கேட்பார்கள்.

பாயின்டரை (ஒரு மாறியின் முகவரியை வைத்திருக்கும் மாறியை) மட்டும் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போடாதே. மூன்றாவது செமஸ்டர் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் லிங்க்டு லிஸ்ட் (ஒன்று அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் சங்கிலி) முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது, அங்கே பலர் தடுமாறுகிறார்கள். விடுமுறையில் ஒரே ஒரு புரோகிராமை எடு: இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷன். பாயின்டர் இல்லாமல் எழுதினால் மெயினில் எதுவும் மாறியிருக்காது, ஏனென்றால் ஃபங்ஷனுக்குப் போவது நகல். நோட்டில் மெயினுக்கு இரண்டு பெட்டி, ஃபங்ஷனுக்கு இரண்டு பெட்டி வரை. ஒவ்வொன்றின் மேலும் 1000, 1004 என்று ஒரு முகவரி எழுது. பிறகு பாயின்டரோடு எழுதி, எந்தப் பெட்டிக்குள் எந்த முகவரி உட்கார்கிறது என்று அம்புக்குறி போடு. பெட்டியைப் பார்க்காமலே சொல்ல வரும்வரை வரைந்துகொண்டே இரு.

இன்று ராத்திரிக்கு ஒரு வேலை. ஓர் எண்ணில் எத்தனை இலக்கம் என்று எண்ணும் புரோகிராமை, எண் 0-ஐவிடப் பெரிதாக இருக்கும்வரை ஓடும் 'வைல்' லூப்பில் எழுது. 472-க்கு 3 வரும். பிறகு 0 கொடுத்துப் பார், 0 இலக்கம் என்று சொல்லும். லூப்பை ஏன் ஒருமுறைகூடத் தொடவில்லை என்பதை டேபிளில் காட்டு, எந்த வரியைச் சேர்த்தால் சரியாகும் என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா