யானைக்கால் மாத்திரையும் சுப்பாராவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் சாதித்த நம் மருத்துவர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் எல்லப்பிரகட சுப்பாராவ் பெயரே இல்லை, படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. ஆந்திராவின் பீமாவரத்தில் 1895-ல் பிறந்தவர், படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில். கதர் உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். 1923-ல் பாஸ்டன் போய், ஆஸ்பத்திரியில் இரவில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை ஹார்வர்ட் விஞ்ஞானி ஃபிஸ்க்குடன் சேர்ந்து உருவாக்கியும் அங்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அப்புறம் 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். புற்றுநோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட், யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. எல்லாம் அங்கே அவர் தலைமையில் வந்தவைதான்.

என் பாட்டி வீங்கிய காலோடு கடைசிவரை கஷ்டப்பட்டார். எங்கள் தெருவில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து டி.இ.சி. மாத்திரை கொடுத்தபோது, அது யாருடைய உழைப்பு என்று ஒருவருக்கும் தெரியாது, எனக்கும்தான். சுப்பாராவ் 1948-ல், 53 வயதில், அமெரிக்கக் குடியுரிமைகூட இல்லாமல் நியூயார்க்கில் இறந்துபோனார். அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்