அந்தப் புட்டியைத் தூக்கிப் போட்டுவிடு

கேத்தி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று நாளாக உறைபனி. விடியற்காலையில் கேரட் செடியெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. கீழ்ப் பாத்திகளுக்குத்தான் சேதம். மேட்டுப்பாளையம் மண்டியில் விலை பரவாயில்லை. இதைச் சொல்லத்தான் நான்கு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. பெற்றவர்களிடம் இத்தனை நாள் பேசாமல் இருப்பது சரியா என்று நீயே யோசித்துப் பார்.

போன வியாழக்கிழமை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாயா? மாப்பிள்ளையிடம் கேட்டேன். "பார்த்துக்கொள்கிறோம் மாமா" என்றார். அது பதில் இல்லை. பீட்டா எச்.சி.ஜி. என்கிற அந்தக் கர்ப்ப ஹார்மோனின் எண் எவ்வளவு என்று எழுது. பிளஸ் டூவில் உயிரியலில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள் நீ. அந்தத் தாளை வாசித்து எனக்குப் புரியவைக்க உன்னால் முடியும்.

போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது, வெட்கத்தை விட்டு நம் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டேன். முத்துப்பிள்ளையை, அதாவது குழந்தையாகாமல் கர்ப்பப்பையில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளமாய் வளர்ந்ததை, சுத்தம் செய்த பிறகும் துணுக்கு ஏதாவது உள்ளே தங்கி வளரலாம், உடம்புக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், ரத்தத்தில் அந்த எண் இறங்காமல் நின்றால்தான் பிடிபடும் என்றார். நூறில் பதினைந்து, இருபது பேருக்கு அப்படி ஆகிறதாம். நேரத்தில் கண்டுபிடித்தால் அநேகமாக எல்லோருக்கும் மருந்திலேயே குணமாகிவிடுகிறதாம். அதனால் எண் இயல்புக்கு வரும்வரை வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, டாக்டர் போதும் என்னும்வரை ரத்தம் கொடுக்க வேண்டும். அதுவரை அடுத்த கர்ப்பம் வேண்டாம். புதுக் கர்ப்பத்திலும் அதே ஹார்மோன்தான் ஏறும், எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்பன் பேசுகிற பேச்சா இது என்று நினைக்காதே. அம்மா எழுதக் கூச்சப்படுகிறாள். சம்பந்தியம்மா அவசரப்படுத்தினால் நான் சொன்னதாகச் சொல். அடுத்த முறையும் இப்படியே ஆவது நூறில் ஒருவர், இருவருக்குத்தான்.

வியாழக்கிழமை மறந்துவிடாதே.

இப்போது அந்தப் புட்டி. நான் லாரியில் கொடுத்தனுப்பிய வைட்டமின் ஏ மாத்திரைகளைத் தொடாதே. ஆன்டி ஆக்ஸிடன்ட் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தேன். முத்துப்பிள்ளை வந்த பெண்களின் ரத்தத்தில் ஏ, சி, ஈ வைட்டமின்கள் குறைந்திருந்தன, உடம்பின் செல்களைக் கெடுக்கும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் கூடியிருந்தது என்று போட்டிருந்தார்கள். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 1980களிலேயே, கேரட்டில் நிறைய இருக்கிற கரோட்டினைக் குறைவாகச் சாப்பிட்டவர்களிடம் இது அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். கேரட் விளைவிக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றைக்கே மருந்துக் கடைக்குப் போனேன்.

டாக்டரம்மா புட்டியின் பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சத்துக் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் சத்துக் குறைந்ததா என்று அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாதாம். இந்த மாத்திரையால் முத்துப்பிள்ளை குணமாகும், வராமல் தடுக்கப்படும் என்று உறுதியாகவில்லையாம். வைட்டமின் ஏ உடம்பில் தங்கிவிடும், நாளைக்குக் குழந்தை உண்டாகும்போது அளவு மீறி இருந்தால் பிள்ளைக்கே ஊனம் வரலாம் என்றார். கேரட் அப்படி இல்லையாம். அதிலுள்ள கரோட்டினை உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. உனக்கு வந்தது, தாயின் மரபணு இல்லாத முட்டையில் விந்து சேர்ந்து உண்டானது என்றும் சொன்னார். நீ சாப்பிட்டதாலும் இல்லை, சாப்பிடாததாலும் இல்லை. மாப்பிள்ளை மேலும் குற்றமில்லை.

பாப்பா, உன்னைச் சுத்தம் செய்த அன்று நான் வரவில்லை. அறுவடை என்றேன். இரவு இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கி, கழுவி, விடிவதற்குள் லாரி ஏற்றியாகிவிட்டது. ஏழு மணி பஸ்ஸில் ஏறியிருந்தால் மத்தியானத்துக்குள் திருப்பூரில் இருந்திருப்பேன். உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. காலியான சாக்குகளை மடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நீ போன் செய்தபோது, அதை வைத்துவிட்டதாக நினைத்து, "வேளாவேளைக்குச் சாப்பிட்டிருந்தால் இது வந்திருக்குமா" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியும். புட்டியை அனுப்பியதும் அதே வார்த்தையைத் திரும்பச் சொன்னதுதான். தப்பு என்னுடையது.

செவ்வாய்க்கிழமை லாரியில் ஐந்து கிலோ கேரட் வரும். மருந்துக்காக அல்ல, சும்மா சாப்பிடு. புதன் இரவு நான் வருகிறேன். வியாழக்கிழமை நீ உள்ளே போய் ரத்தம் கொடு, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம். எத்தனை மணிக்கு என்று மட்டும் அம்மாவுக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா