கொப்பு தொங்கினால் கடை உண்டு

வியன்னா,
அக்டோபர்.

அன்புள்ள அத்தானுக்கு,

நான் இங்கே நலம். அக்கா, பிள்ளைகள், மாமா எல்லோரும் சுகம்தானே? மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் எழுத வேண்டும். அவரிடம் போனில் கேட்டால் "நல்லாத்தாம்ல இருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

போன வாரம் நீங்கள், "அங்க ஒயின் கடைன்னு சொல்றியே, நம்ம ஊர்க் கடை மாதிரியா, இல்ல சினிமாவுல காட்டுற மாதிரியா?" என்று கேட்டீர்கள். அக்கா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். இரண்டு மாதிரியும் இல்லை. உங்கள் கருப்பட்டித் தொழிலுக்கு ஆகிற சங்கதியும் இதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஊர் ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம். ஏறக்குறைய இருபது லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆனால் நகர எல்லைக்குள்ளேயே சுமார் 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது, ஏக்கரில் 1500க்குப் பக்கம். நகராட்சிக்கே சொந்தமாக ஒரு தோட்டமும் ஒயின் ஆலையும் 1907 முதல் உண்டு. ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி முடிந்து தூங்கி எழுந்து, மத்தியானம் டிராமில் ஏறினால், மாடிக் கட்டடங்கள் எல்லாம் முடிந்து தோட்டத்துக்குள் போய் இறங்கலாம். 31ஆம் நம்பர் டிராம் டான்யூப் ஆற்றைத் தாண்டி ஸ்டாமர்ஸ்டோர்ஃப் போகும். ‘டி’ டிராம் நுஸ்டோர்ஃப் போகும். இந்த ஓரத்துப் பேட்டைகளில்தான் நான் சொல்லும் கடைகள் இருக்கின்றன. ஹாய்ரிகர் என்று பெயர்.

கடை என்பதைவிட வீடு என்பதே சரி. தோட்டக்காரர் தன் வீட்டு முற்றத்தில் நீள மேசையும் பெஞ்சும் போட்டு, தன் தோட்டத்தில் விளைந்ததைத் தானே ஒயினாக்கி ஊற்றிக் கொடுப்பார். விற்பனை நடக்கும் நாட்களில் வாசலில் ஒரு கழியில் பைன் மரக் கொப்பைக் கட்டித் தொங்கவிடுவார். கொப்பு இருந்தால் உள்ளே போகலாம், இல்லை என்றால் அடுத்த தெரு. வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் பெரிய இடங்களும் உண்டு. சின்னக் குடும்பங்கள் சில வாரம் திறப்பார்கள், அப்புறம் மூடிவிட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். ஸ்டாமர்ஸ்டோர்ஃபில் ஒரு தெரு முழுக்கப் பழைய ஒயின் நிலவறைகள்தான். அங்கே நடந்துபோனால் எந்த வாசலில் கொப்பு தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போவது ஒரு தனிப் பொழுதுபோக்கு.

இதற்கு ராஜா காலத்துச் சட்டம் இருக்கிறது. 1784இல் இரண்டாம் ஜோசஃப் என்ற சக்கரவர்த்தி, தோட்டம் வைத்திருப்பவன் தான் விளைவித்த ஒயினையும் உணவுப் பொருளையும் எப்போது வேண்டுமானாலும், தான் வைக்கிற விலைக்கு விற்கலாம் என்று ஆணை போட்டுவிட்டார். நம் பக்கம் பாளையக்காரர்கள் கும்பினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்குக் கிடைத்த உரிமை இன்றுவரை போகவில்லை. இதை முதலில் கேட்டபோது எனக்கு மாமா ஞாபகம்தான் வந்தது. 1987இல் கள்ளுக்குத் தடை வந்ததோடு மாமா கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் கள்ளுக்காகப் பனை ஏறுவதையே விட்டுவிட்டார் அல்லவா. மரம் அவருடையது, உழைப்பு அவருடையது, இறக்கியதைத் தன் விடிலிக் குடிசையில் வைத்து விற்கத்தான் வழியில்லை. ஆனால் அரசுக் கடையில் பாட்டில் வாங்க வழி உண்டு. இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பானத்தை மேசைக்குக் கொண்டுவந்து தருவார்கள். சாப்பாட்டை நாமே எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று காட்டி வாங்க வேண்டும். ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட், மிளகாய்த்தூள் கலந்த லிப்டவர் என்ற பாலாடைக் குழைவு, வறுத்த பன்றிக் கறி. கால் லிட்டர், அரைக்கால் லிட்டர் என்று கண்ணாடிக் குவளையில் அளந்து ஊற்றுகிறார்கள். பாதி ஒயினும் பாதி சோடாவுமாகக் கலந்து குடிப்பவர்கள்தான் அதிகம், நானும் அந்தக் கட்சி. ஒரு குவளையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை.

குடும்பமாக வருகிறார்கள். பாட்டி, பேரன், நாய் எல்லாம் ஒரே மேசையில். பிள்ளைகள் திராட்சைச் சாறு குடித்துவிட்டு முற்றத்தில் ஓடுகின்றன. நம் ஊரில் குடிக்கிறவன் கட்டடத்துக்குப் பின்னால் நின்று, இருட்டில், சோறும் இல்லாமல், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவசரமாக ஊற்றிக்கொள்வான். அதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அதற்காக இங்கே எல்லோரும் அளவோடு குடிப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என் வார்டில் ஈரல் கெட்டுப்போய்ப் படுத்திருப்பவர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

கிரின்ட்சிங் என்று ஒரு பேட்டை உண்டு. சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். பாட்டுக்காரர் மேசை மேசையாக வந்து வாசித்துவிட்டு நிற்பார், நாமும் காசு கொடுக்க வேண்டும். ஒரு தடவை பார்க்கலாம். ஊருக்குள்ளே நவீன ஒயின் பார்களும் நிறைய வந்துவிட்டன. வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறப்போட்டு ஆரஞ்சு நிறத்தில் எடுக்கும் ஒயின்தான் அங்கே இப்போது மோஸ்தர். அங்கே ஒரு கிளாஸுக்குக் கேட்கிற காசில் ஹாய்ரிகரில் நான் சாப்பாட்டையும் முடித்துவிடுவேன். உட்கார உயர முக்காலி வேறு. எனக்கு ஒத்துவரவில்லை.

இப்போது இங்கே ஸ்டூர்ம் சீசன். செப்டம்பர், அக்டோபரில்தான் கிடைக்கும். பிழிந்த சாறு நொதிக்க ஆரம்பித்து, இன்னும் ஒயினாகி முடியாத பருவம். கலங்கலாக, நுரைத்துக்கொண்டு, தித்திப்பும் புளிப்புமாக இருக்கும். ஒரு வாய் குடித்ததும், வெயில் ஏறிய பிறகு இறக்கிய கள் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தேன். பாட்டிலை இறுக்கி மூட மாட்டார்கள், மூடினால் வெடித்துவிடும். அதனால் நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் மலையாளி அண்ணன் ஒருவர் அதைத் தோள்பையில் படுக்கவைத்து டிராமில் ஏறினார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது. (கேரளத்து நர்ஸுகள் இங்கே 1970களிலேயே வந்துவிட்டார்கள். அவருடைய அம்மாவும் அப்படி வந்தவர்தான்.) குலசை தசராவுக்கு நீங்கள் மாலை போட்டு விரதம் இருக்கிற நேரத்தில் இதையெல்லாம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். கருப்பட்டியில் சீனியைக் கலந்து விற்கிறவர்களால் நல்ல சரக்குக்கு விலை இல்லை என்று சலித்துக்கொள்வீர்களே, இந்த நாட்டிலும் அது நடந்திருக்கிறது. ஒயின் கெட்டியாகவும் இனிப்பாகவும் தோன்றுவதற்காகச் சிலர் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். 1985இல் குட்டு வெளிப்பட்டது. ஏற்றுமதி அப்படியே படுத்துவிட்டது, ஒழுங்காகச் செய்தவன் சரக்கும் சேர்ந்துதான் தேங்கியது. உடனே கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். இன்றைக்குத் தர ஒயின் ஒவ்வொன்றும் அரசுப் பரிசோதனையில் தேறி, அந்தப் பரிசோதனை எண்ணைப் பாட்டிலில் போட்டால்தான் விற்க முடியும். மூடியில் சிவப்பு வெள்ளை சிவப்புக் கொடி நிறம் இருக்கும். இந்த ஊருக்கே உரிய கெமிஷ்டர் ஸாட்ஸ் என்ற ஒயினுக்கு 2013 முதல் தனி விதி. ஒரே தோட்டத்தில் குறைந்தது மூன்று வகைத் திராட்சையைக் கலந்து நட்டு, ஒன்றாகவே பறித்துப் பிழிய வேண்டும். எந்த வகையும் பாதிக்கு மேல் போகக் கூடாது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்ததே, அதோடு இப்படிப் பரிசோதித்து நம்பர் போடுகிற ஏற்பாடும் வந்தால் உங்கள் தலைவலி பாதி தீரும். சங்கத்துக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. திருச்செந்தூர் ரோட்டில் வாடகைக்கு இடம் பிடித்துப் பதநீர்க் கடை போடப்போவதாகச் சொன்னீர்கள். வாடகை எதற்கு அத்தான்? நம் பனை விளையிலேயே, விடிலிக்குப் பக்கத்தில் நாலு பெஞ்சு போடுங்கள். பதநீர் இருக்கிற நாளில் ரோட்டோரத்துப் பனையில் ஒரு குருத்தோலையைக் கட்டுங்கள், தீர்ந்ததும் அவிழ்த்துவிடுங்கள். கோயிலுக்கு வருகிற வண்டிகள் தாமாகவே திரும்பும். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுங்கள், பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம். மாமா மரத்தில் ஏற முடியாவிட்டாலும் பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பாளை சீவுவதைப் பற்றிப் பேசுவார், அவரை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருக்கும். பங்குனிக்குள் தொடங்குவதாக இருந்தால் பெஞ்சுக்கான பணத்தை நான் அனுப்புகிறேன். கூடவே அவிச்ச பனங்கிழங்கு வைக்கலாம் என்று தோன்றுகிறது, ஆனால் அது தைக்குக் கிடைக்கிற சரக்கு, பதநீரோடு சேருமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சமையலுக்கு அக்கா சம்மதித்தால்தான் இந்த யோசனையே நடக்கும், அவளிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் மச்சினன்