மலை ஊர்க் கூரைகளுக்கு பேட்டரியோடு கூடிய சூரிய மின்சாரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கூரையில் சூரிய மின் தகடு அமைப்போருக்கு மத்திய அரசு மானியம் வழங்கும் பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்ததிலிருந்து, கொடைக்கானல் வட்டத்தின் மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களிலும் அதைப் பற்றிய விசாரிப்பு கூடியிருக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 78,000 என்பது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய உதவிதான். ஆனால் சமவெளி வீடுகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட இத்திட்டம், மலையில் மிக முக்கியமான ஓரிடத்தில் கைவிட்டுவிடுகிறது.

மானியம் கிடைப்பது மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்கும் ‘ஆன்-கிரிட்’ அமைப்புக்கு. பேட்டரி சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்றாலும், அதற்கான செலவுக்கு மானியம் கிடையாது. பேட்டரி இல்லாத அமைப்பில், வாரியக் கம்பியில் மின்சாரம் நின்ற மறுகணமே, தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிருக்கு நம் கூரை மின்சாரம் உலை வைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது; அதில் குறை காண முடியாது. அதன் விளைவாக, நல்ல வெயில் அடிக்கும்போது கரண்ட் போனாலும், தலைக்கு மேல் தகடு இருக்க, கீழே ஒரு பல்பு கூட எரியாது. விற்க வருபவர்களில் சிலர் இதைச் சொல்வதே இல்லை. “இனி கரண்ட் கட் தொல்லையே இருக்காது” என்ற வார்த்தையை நம்பி முன்பணம் கட்டிவிட்டு, முதல் மழையில்தான் விவரம் புரிந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

மலையில் மின்சாரம் நிற்பது கீழே நிற்பது போன்றதன்று. காட்டு வழியாக வரும் கம்பியின் மேல் ஒரு மரம் சாய்ந்தால், சாய்ந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகிவிடும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் எங்கள் மலையையும் கடந்து போனது. மரங்களும் கம்பங்களும் விழுந்து, பாதைகளும் அடைபட்டு, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அவ்வளவு பெரிய புயல் எப்போதாவது வருவது. ஆனால் ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் சிறிய அளவில் அதே கதைதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே மின்விசிறியும் ஏ.சி.யும் தேவையில்லாத சிறு வீடுகள்தாம் அதிகம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை மாநில அரசு இலவசமாகத் தருவதால், இவர்களில் பலருக்குக் கட்ட வேண்டிய பில்லே சொற்பம். ஆகவே, ‘பில் தொகை மிச்சமாகும், ஐந்தாறு ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும்’ என்ற கணக்கு இங்கே எடுபடாது. மலைக் குடும்பம் கேட்பது, மழை நாளிலும் நான்கு விளக்கு, ஒரு செல்போன் சார்ஜர், முடிந்தால் ஒரு மிக்சி. அதைத் தருவது பேட்டரிதான்.

தொழிலுக்கு இது இன்னும் அவசரமானது. கீழ்மலையில் காபிப் பழம் பறிக்கும் பருவம் வடகிழக்குப் பருவமழையோடு தொடங்குகிறது. பறித்த பழத்தை அன்றைக்கே பல்பர் இயந்திரத்தில் விட்டுத் தோல் நீக்க வேண்டும். சாக்கிலேயே கிடந்தால் மறுநாள் கையை விட்டுப் பார்க்கும்போது சூடு தெரியும், புளிப்பு வாடையும் வந்துவிடும், அதன்பின் அந்தக் கொட்டைக்கு நல்ல விலை கேட்க முடியாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்துச் சிறு விவசாயிகள் இதற்காகவே டீசல் என்ஜினை வைத்துக்கொண்டு மாரடிக்கிறார்கள். தங்கும் விடுதி, பேக்கரி, பூண்டு மண்டி என மற்றவர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆனால் இம்மானியம் வீடுகளுக்கு மட்டுமே. கடைக்கும் தோட்டத்துக்கும் இல்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது முக்கால் கிலோவாட் அளவே கேட்டாலும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், மோட்டார் வைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டரின் அளவை அந்த நொடியைக் கணக்கில் கொண்டு முடிவு செய்வது நல்லது.

மலையில் வெயில் ஏது என்று கேட்பவர்கள், சூரியனை ஆராய்வதற்கென்றே 1899இல் கொடைக்கானலில் வானாய்வகம் அமைத்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளலாம். சூடு ஏற ஏறத் தகட்டின் உற்பத்தி குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் அரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாக இழப்பு உண்டு. அந்த வகையில் எங்கள் குளிர் ஒரு வரம்தான். ஆனால் வெளிச்சம் கிடைக்கும் நேரம் வேறு. பெரும்பாலான நாட்களில் காலையில் வானம் தெளிந்திருந்து, பிற்பகலில் மூடுபனி ஏறிவிடும். ஆகவே, நேர் தெற்கே பார்த்து வைக்கும் சமவெளி வழக்கத்தைச் சற்றுத் தளர்த்தித் தென்கிழக்காகத் திருப்பினால் பல வீடுகளுக்கு அனுகூலம். சில்வர் ஓக் மர நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். மரத்தை வெட்டிவிடலாம் என்றால், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. இவற்றையெல்லாம் கூரையின் மேல் ஏறிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். திண்டுக்கல்லிலும் மதுரையிலும் உட்கார்ந்தபடி, போட்டோவைப் பார்த்தே மதிப்பீடு எழுதி அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தகரக் கூரையை ரப்பர் வாஷர் போடாமல் துளைத்துத் தாங்கிகளை முடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் துருப்பிடித்து, கீழே அடுக்கியிருந்த மிளகு மூட்டைகள் நனைந்தன. போன் செய்தால், மலை ஏறி வரத் தனிக் கட்டணம் கேட்டார்கள்.

இமாச்சலப் பிரதேசம், உத்தரகாண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றுக்கு இதே திட்டத்தில் பத்து சதவீதம் கூடுதல் மானியம் உண்டு. மூன்று கிலோவாட்டுக்கு அங்கே 85,800 ரூபாய். தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல என்பதால், பூம்பாறையும் மன்னவனூரும் கவுஞ்சியும் சென்னையோடு ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. சாமான் ஏற்றிவரும் லாரி வாடகை மாநில எல்லையைப் பார்த்துக் குறைவதில்லையே. இச்சலுகையை மலை வட்டங்களுக்கும் விரிவாக்கும்படி மாநில அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். அது கைகூடும் வரை, மலைக் கிராம வீடுகளின் பேட்டரிச் செலவில் ஒரு பகுதியையாவது மாநில அரசே ஏற்கலாம். சிறு தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் குறைந்த வட்டியில் கூட்டுறவுக் கடன் கொடுக்கலாம்.

உடனடியாகச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மின்வாரிய அதிகாரிகள் மழைக்கு முன்பாகப் பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் பூம்பாறையிலும் ஊருக்கொரு நாள் முகாம் நடத்தி, கரண்ட் போனால் எந்த அமைப்பு வேலை செய்யும், எது செய்யாது என்பதை மக்கள் முன்னால் மெயின் சுவிட்சை அணைத்தே காட்ட வேண்டும். அந்த வேறுபாட்டை விலைப்புள்ளியின் முதல் பக்கத்திலேயே தமிழில் எழுதித் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
காபி விவசாயி ஒருவர்,
பண்ணைக்காடு, கொடைக்கானல் வட்டம்.