புல்லரைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். அஸ்தம்பட்டியில் நேற்று நல்ல மழை. ஆடிப் பதினெட்டுக்கு வந்து போன பிறகு நீ என்னிடம் பேசவில்லை. அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. ஸ்ப்ளெண்டர் பைக்கின் டைமிங் செயினை, அதாவது இன்ஜினுக்குள் ஓடும் செயினை, ஓசூரில் வீட்டு வாசலில் வைத்து நீயே மாற்றப் போகிறாய் என்று தம்பி சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெக்கானிக் கூலிக்காகத்தான் என்றால் அம்மாவிடமாவது ஒரு வார்த்தை சொல்.

செயின் நீண்டுவிட்டது என்பார்கள். இரும்பு ரப்பரைப் போல இழுபடாது. கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்கள் தேய்ந்து, ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவு இடைவெளி விழுந்து, எல்லாம் சேர்ந்து தொளதொளப்பாகிறது. பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு 2 சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு 1 சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற கணக்கை அந்த ஒற்றைச் செயின்தான் காக்கிறது. அது தொய்ந்தால் வால்வு திறப்பது பிந்தும், இழுவை குறையும். செயின் சக்கரத்தில் பல் தாண்டிவிட்டால் பிஸ்டன் வால்வில் இடிக்கவும் கூடும். ஆகவே செயினை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதே. செயின் உருண்டு போகும் ரப்பர் உருளைகள், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கேம் பல்சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்று.

கிராங்க் தண்டின் முனையில் உள்ள காந்தச் சக்கரத்தை, அதுதான் மேக்னெட், கழற்றினால்தான் செயின் வெளியே வரும். அதைச் சுத்தியலால் தட்டாதே. அதை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை, செவ்வாய்ப்பேட்டையில் நான் வாங்கியதை, பழைய வேட்டித் துணியில் சுற்றித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். மேக்னெட் வந்ததும் கிராங்க் தண்டில் பாதி நிலாவைப் போல ஒரு சிறு சாவி இருக்கும். அது தரையில் விழுந்துவிட்டது என்று நான் ஒருமுறை வாசல் முழுக்கத் துழாவியிருக்கிறேன். கடைசியில் அது மேக்னெட்டின் உள்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மாட்டும் முன் அந்தக் குழிவை விரலால் தடவிப் பார். ஒரு வாஷர் ஒட்டியிருந்தாலும் உள்ளே அரைத்துவிடும். கேம் சக்கரத்தின் போல்ட்டைக் கழற்றும் முன் செயின் போகும் குழியைத் துணியால் அடைத்துவிடு.

மேக்னெட்டில் உள்ள டி (T) எழுத்துக் குறி இன்ஜின் கேஸில் உள்ள குறிக்கு நேராக நிற்கும்போதே, கேம் சக்கரத்தின் குறியும் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் உள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும். மூடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஓடும் திசையில் கையால் 2 முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, குறிகளை மறுபடியும் பார். எங்காவது இடித்தால் அழுத்தாதே. கையால் 2 சுற்றுச் சுற்றாமல் கிக்கரில் கால் வைக்காதே.

ஒன்பதாம் வகுப்பில் சைக்கிள் பிரீவீலைப் பிரித்து, ஒரு குண்டுகூடத் தொலையாமல் மாட்டியவள் நீ. பக்கத்து வீட்டாரிடம் அதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று அம்மாவைக் கேள். கைநேர்த்தி உனக்கு உண்டு, பொறுமைதான் இல்லை. ஆயில் மாற்றும் தேதியை நீ எழுதி வைப்பதில்லை என்று ஆடியில் சொன்னேன். சித்தப்பாவின் எதிரில், நல்ல வண்டியைப் பாழாக்கிவிட்டாய் என்றும் சொன்னேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய்.

பாப்பா, இன்ஜினில் கேட்கும் அந்தச் செயின் சத்தம், வண்டி உன்னிடம் வந்த பிறகு தொடங்கியதல்ல. ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் முறுக்கி ஏறி இறங்கிய வண்டி அது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள், அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆயிலை நான்தான் தள்ளிப் போட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தகரத்தின் மேல் சங்கிலியை இழுப்பதுபோல இடப்பக்கம் கேட்கும். உனக்குக் கொடுப்பதற்கு முன் கெட்டி ஆயிலை ஊற்றி அதை அடக்கினேன். கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துச் சாவியைத் தந்தேன். நான் சொன்ன சொல்லுக்காகத்தான் நீ இப்போது ஸ்பேனரை எடுத்திருக்கிறாய் என்றால், அந்தச் சொல் எனக்கு உரியது. சித்தப்பாவிடமும் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன்.

இந்தப் பாகங்கள் எல்லாம் சேர்ந்த கிட்டுக்கு ஆகும் பணத்தைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அதைத் திருப்பி அனுப்பாதே. புது ஆயில் ஊற்ற மறக்காதே, வடிகட்டும் வலையையும் கழுவு. பழைய உருளையின் ரப்பர்த் துணுக்குகள் அதில் கிடக்கும். முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது போனை இடப்பக்கமாக வைத்து எனக்குப் போடு. நீ பேச வேண்டும் என்பதில்லை. அதற்கு முன்னால் கையால் 2 சுற்று.

அப்பா